பிழைத்தவர் கணக்கு



ஓர் ஆராய்ச்சியாளர் தம் ஆயுட்காலத்தில் எழுதி வெளியிட்ட கட்டுரைகளின் பட்டியல் ஒன்றை உங்கள் கையில் கொடுத்தால், நீங்கள் அதை மடித்து வைத்துவிடுவீர்கள். கட்டுரையின் பெயர், உடன் எழுதியோர் பெயர், வெளியான சஞ்சிகை, ஆண்டு, பக்க எண் என்பவற்றுக்கு மேல் அதில் ஒன்றும் இராது. பார்வைக்கு அது மளிகைக் கடைச் சிட்டையைப் போன்றது. ஆனால் அந்தச் சிட்டையைக் கொண்டே ஒரு வீட்டில் உண்பவர் எத்தனை பேர், எந்த மாதத்தில் விசேஷம் நடந்தது, எந்த மாதத்தில் ஒருவர் கஞ்சியோடு நின்றார் என்று சொல்லிவிடும் கணக்குப்பிள்ளைகளை எங்கள் புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் நான் கண்டிருக்கிறேன். நான் வைத்தியம் கற்றவன் அல்லன். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே அந்தக் கணக்குப்பிள்ளையின் கண்ணைக் கொண்டுதான் ஒரு பட்டியலை இன்று உங்களோடு சேர்ந்து படிக்க விரும்புகிறேன். அது சென்னை அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் வி. சாந்தா அவர்களும் அவருடைய தோழர்களும் எழுதிய கட்டுரைகளின் பட்டியல்.

அடையாற்றுக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள உறவு பலர் அறிந்ததே. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்பிள்ளைகள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மன்னரின் அனுமதியால் இடம் பெற்றார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளிவந்தார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அந்த அம்மையாரின் பிடிவாதத்தால் 1954-ல், பன்னிரண்டே படுக்கைகளோடு, அடையாற்று மருத்துவமனை எழுந்தது. அவருடைய புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் வைத்தியர். மறு ஆண்டு, 1955-ல், சாந்தா வந்து சேர்ந்தார். 2021 ஜனவரியில் தம் தொண்ணூற்று மூன்றாம் வயதில் மறையும்வரை அவர் அந்த வளாகத்தைவிட்டு வெளியேறவில்லை. அவர் பெற்ற பட்டங்களையும் விருதுகளையும் பற்றிப் பேசுவதற்கு வேறு பேச்சாளர்கள் உண்டு. நான் பட்டியலுக்கு வருகிறேன்.

1959-ஆம் ஆண்டு. பிரிட்டிஷ் ஜர்னல் ஆப் கான்ஸர் என்னும் சஞ்சிகையில் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதுகிறார்கள். வாய்ப்புற்று ஏன் வருகிறது, அதற்கும் வெற்றிலை, புகையிலை முதலிய பழக்கங்களுக்கும் என்ன சம்பந்தம் என்பது பொருள். சாந்தாவுக்கு அப்போது வயது 32. 1963-ல் அதே சஞ்சிகையில் அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சி; வாயோடு நில்லாமல் தொண்டை, உணவுக்குழல் வரை செல்கிறது. புகையிலையை இடித்து வாயில் அடக்கிக்கொண்டு உறங்கும் பாட்டிமார் இல்லாத தெரு எங்கள் ஜில்லாவில் அக்காலத்தில் இல்லை. பல் போன பிறகும் அவர்களுக்குச் சிறு இரும்புரல் ஒன்று துணையிருக்கும். அந்த உரலின் ஒலியைத்தான் லண்டனில் அச்சான அந்தப் பக்கங்களில் நான் கேட்டேன்.

1980-க்கு வந்தால் கேள்வி மாறிவிடுகிறது. கிளினிக்கல் ரேடியாலஜி என்ற சஞ்சிகையில், பிளியோமைசின் என்ற மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்து வாய்ப்புற்றுக்குச் சிகிச்சை செய்தது பற்றிய கட்டுரை. நோய் ஏன் வருகிறது என்பது போய், வந்ததை எப்படித் தீர்ப்பது என்பது வந்துவிட்டது. மறு ஆண்டிலேயே, 1981-ல், சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு அடையாற்றில் தொடங்கியது. நகரத்தில் யாருக்குப் புற்றுநோய் கண்டாலும், எந்த மருத்துவமனையில் கண்டாலும், அவர் பெயர் அதில் ஏறவேண்டும். இதன்பின் பட்டியலின் போக்கே வேறாகிறது. 1997-ல், அதே பிரிட்டிஷ் சஞ்சிகையில், கஜலட்சுமி, சாந்தா, சுவாமிநாதன் ஆகியோர் வேறு இருவருடன் சேர்ந்து, சென்னையில் மார்புப் புற்று கண்ட பெண்களில் ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தவர் எத்தனை பேர் என்று எழுதுகிறார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் என்பது விடை. 2005-ல், குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுக்கு ஒரே சிகிச்சை முறையைச் சென்னை, பம்பாய், டில்லி ஆகிய மூன்று நகரங்களில் இருபது ஆண்டுக்காலம் கையாண்டு கற்ற பாடங்களை மக்ராத்தும் சாந்தாவும் பிறரும் எழுதினார்கள்.

பிறகு 2008. உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் சுவாமிநாதன், ரமா, சாந்தா மூவரும் எழுதிய ஒரு கட்டுரை. சாந்தாவுக்கு அப்போது 81 வயது. இக்கட்டுரையில் புதிய மருந்து இல்லை. புதிய இயந்திரம் இல்லை. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவரை நாமே தேடிச் சென்று விசாரியாவிட்டால், நம் கணக்கு எவ்வளவு பொய் சொல்லும் என்பதுதான் அதன் பொருள். முழுப் பட்டியலில் எனக்கு மிகப் பிடித்தது இதுவே. மருந்தைப் பற்றி எழுதுகிறவர் பலர். தம் கணக்கையே கூண்டில் ஏற்றிக் குறுக்குவிசாரணை செய்கிறவர் சிலர்தான். (இக்காலத்தில் ஒருவர் எத்தனை கட்டுரை எழுதினார் என்று எண்ணி உத்தியோக உயர்வு அளிக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். நெல்லைப் படியால் அளக்கலாம். இதை அளக்கும் படி எது என்று எனக்குப் புலப்படவில்லை.)

பொய் எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பின்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளில் பிறக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு; அவர் இறந்தால் அந்த எண்ணின்கீழ் அது பதிவாகும். அங்கே புற்றுநோய்ப் பதிவேட்டையும் மரணப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட்டால் போதும். மரணப் பதிவில் பெயர் இல்லையா, ஆள் உயிரோடிருக்கிறார். நம் நாட்டில் இதே முறையைக் கையாண்டால் என்ன ஆகும்? மருத்துவமனைச் சீட்டில் "எம். லட்சுமி" என்று இருக்கும். மரணப் பதிவில் "லட்சுமியம்மாள், கணவர் பெயர் முத்தையா" என்று இருக்கும். ஊரில் அவரை அழைக்கும் பெயர் மூன்றாவதாக வேறொன்று. சிகிச்சைக்குப் போனபோது கொடுத்த விலாசம் சென்னையில் தங்கியிருந்த மகன் வீட்டுடையது. கண்ணை மூடியது அறந்தாங்கிக்குப் பக்கத்தில் சொந்த ஊரில். அந்த மரணம் பதிவானாலும், காரணம் என்னும் இடத்தில் பெரும்பாலும் "முதுமை" என்றே எழுதப்படும். இரண்டு ஏடுகளும் பொருந்தமாட்டா. பொருந்தாத காரணத்தால், இறந்த அந்த அம்மாள் நம் கணக்கில் ஆண்டாண்டாக உயிரோடு இருந்துகொண்டிருப்பார்!

ஒரு கற்பனைக் கணக்கைச் சொல்கிறேன். நூறு நோயாளிகள். ஐந்தாண்டு கழித்து, உயிரோடிருப்பதாகத் தெரிந்தவர் 30. இறந்ததாகத் தெரிந்தவர் 40. செய்தியே இல்லாதவர் 30. செய்தி இல்லாதவரை எல்லாம் உயிரோடு சேர்த்தால் பிழைத்தவர் நூற்றுக்கு 60. அவர்களை எல்லாம் இறந்தவரோடு சேர்த்தால் 30. அவர்களை நீக்கிவிட்டு மீதியைப் பார்த்தால் 43. ஒரே மருத்துவமனை, ஒரே சிகிச்சை, ஒரே நூறு பேர், விடையோ மூன்று. செய்தி இல்லாதவரை நீக்கிவிடுவது நடுநிலை போலத் தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால் அவர்களும் மற்றவரைப் போலவே இருந்தார்கள் என்று நாம் எண்ணிக்கொண்டதாக ஆகும். அது உண்மை அன்று. தொலைந்து போகிறவர் யார்? தொலைவிலுள்ளவர், ஏழை, நோய் முற்றியபின் வந்தவர், முதியவர். ஆகவே வயது, நோயின் கட்டம், ஊர் முதலியவற்றால் நோயாளிகளைப் பிரித்து, தொலைந்தவரை அவரவர் வகுப்பாரோடு ஒப்பிட்டுத் திருத்தம் செய்யும் முறையைச் சுவாமிநாதன் முதலியோர் கையாண்டார்கள். திருத்தத்தைவிட மேலானது தேடிப் பிடிப்பது. சென்னைப் பதிவேட்டின் ஊழியர்கள் பதில் தபால் அட்டை அனுப்பினார்கள், தொலைபேசியில் கேட்டார்கள், வீடு தேடிச் சென்று கதவைத் தட்டினார்கள். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1998-லும் 2011-லும் வெளியிட்ட பெரிய தொகுப்புகளில் சென்னையின் எண்கள் இடம் பெற்றதற்கு இந்த உழைப்பே ஆதாரம். 2011-ஆம் ஆண்டுத் தொகுப்பின் பதிப்பாசிரியர் இருவரில் ஒருவர் அதே சுவாமிநாதன்.

இனி முதுமைக்கு வருவோம். 1941 முதல் 1951 வரையுள்ள பத்தாண்டுக் கணக்கின்படி இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டு. அடையாற்று மருத்துவமனை திறந்த காலத்து நிலை ஏறத்தாழ அதுதான். இன்று அது எழுபதை ஒட்டி நிற்கிறது. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்தவர் நூற்றுக்குப் பத்துப்பேருக்குச் சற்று மேல். புற்றுநோயோ, குழந்தைகளையும் வாலிபர்களையும் தீண்டுமாயினும், பெரும்பாலும் வயதோடு வளரும் நோய். உடலின் அணுக்கள் பிரிந்து பிரிந்து பெருகும்போது நேரும் பிழைகள் ஆண்டுக்கு ஆண்டு சேர்கின்றன. ஆயுள் நீண்ட சமூகத்தில் புற்றுநோய் கூடுவதும், அதிலிருந்து பிழைத்த முதியவர் கூடுவதும் இயல்பே.

முதியவரிடத்தில் கணக்குக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. எழுபது வயதில் நோய் கண்ட ஒருவர் எழுபத்து நான்கில் இறந்தால், அவரைக் கொண்டுபோனது புற்றுநோயா, மாரடைப்பா, நீரிழிவா? நம் ஊர்களில் இதைச் சான்றோடு சொல்ல ஆள் இல்லை. இதற்கு ஓர் உபாயத்தை 1961-ல் அமெரிக்கரான எடரர் முதலியோர் முறைப்படுத்தி எழுதினார்கள். மரணத்தின் காரணத்தைக் கேட்கவே வேண்டாம். நோயாளிகள் நூறு பேரில் ஐந்தாண்டுக்குப் பின் இருப்பவர் எத்தனை பேர் என்று பாருங்கள். அதே வயதுள்ள சாதாரண ஜனங்கள் நூறு பேரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்றும் பாருங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்துவிடுங்கள். நோயாளிகளில் இருப்பவர் 40. எழுபது வயதுச் சாதாரண ஜனங்களில் இருப்பவர் 80 என்று வைத்துக்கொள்வோம். விடை நூற்றுக்கு 50. முதுமை கொண்டுபோனது போக, நோய் கொண்டுபோனது பாதி. எளிமையும் அழகும் உள்ள உபாயம் இது. நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து மகிழ்ந்திருக்கிறேன்.

ஆனால் இந்த அழகு ஒரு சிறு செய்தியின் மேல் நிற்கிறது. அது அந்த நோயாளியின் வயது. கந்தர்வகோட்டையிலிருந்தோ பொன்னமராவதியிலிருந்தோ ஒரு முதியவளை அழைத்துச் சென்று, "பாட்டி, வயது என்ன?" என்று சீட்டு எழுதுகிறவர் கேட்டால், கூட வந்த பேரன் "அறுபது போட்டுக்கொள்ளுங்கள்" என்பான். ஜனத்தொகைக் கணக்கெடுப்பவர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி இது: வயதைக் கேட்டால் நம் மக்கள் ஐம்பது, அறுபது, எழுபது என்ற முழு எண்களிலேயே குவிந்து நிற்பார்கள். அறுபத்து மூன்று என்பவர் அரியர். எழுபது வயதுப் பாட்டி அறுபது என்று பதிவானால் நேர்வதைப் பாருங்கள். அறுபது வயதுச் சாதாரண ஜனங்களில் ஐந்தாண்டுக்குப் பின் இருப்பவர் 90 என்று கொள்வோம். நாற்பதைத் தொண்ணூறால் வகுத்தால் விடை 44. பேரனின் ஒரு வார்த்தையில் நூற்றுக்கு ஆறு பேர் அநியாயமாக நோயின் கணக்கில் ஏறிவிட்டார்கள். முதியவர்களுக்குச் சிகிச்சை பலிப்பதில்லை என்ற எண்ணத்துக்கு, சிகிச்சையிலே குறையில்லாதபோதும், சான்று கிடைத்துவிட்டது.

அந்த எண்ணம் ஏற்கெனவே வலுவாக இருக்கிறது என்பதுதான் என் கவலை. "இந்த வயதில் அவளைக் கொண்டுபோய் ஏன் வதைக்கவேண்டும்?" என்ற சொல்லை எங்கள் பக்கத்துத் திண்ணைகளில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்லுகிறவர் கொடியவர் அல்லர்; அன்புள்ளவரே. திண்ணையில் மட்டுமா? 1999-ல் அமெரிக்காவில் ஒரு கணக்கெடுத்தார்கள். அந்நாட்டுப் புற்றுநோயாளிகளில் அறுபத்தைந்தைக் கடந்தவர் நூற்றுக்கு 63. புதிய சிகிச்சைகளைச் சோதிக்கும் ஆராய்ச்சிகளில் சேர்க்கப்பட்டவரிலோ அவர்கள் நூற்றுக்கு 25 தான். யாருக்கு நோய் அதிகமோ அவர்களை விட்டுவிட்டு மருந்தைச் சோதித்திருக்கிறார்கள். நமக்கு அருகில், திண்டுக்கல் ஜில்லாவில், கருப்பைவாய்ப் புற்றைக் காடி கொண்டு தடவிப் பார்த்தே முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் ஒரு பெரிய முயற்சி நடந்தது. 2007-ல் வெளியான அதன் முடிவின்படி அந்நோயால் நேரும் மரணம் நூற்றுக்கு 35 குறைந்தது. எத்தனையோ தாய்மாரைக் காத்த மகத்தான காரியம் அது. அதில் சேர்த்துக்கொண்ட பெண்களின் வயது 30 முதல் 59 வரை. அந்தச் சோதனையின் காரணங்கள் எனக்கு விளங்குகின்றன. ஆயினும் அறுபதுக்கு மேற்பட்டவள் இங்கேயும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறாள்.

பிழைத்தவர் எப்படி இருக்கிறார் என்பது இன்னொரு கேள்வி. 1985-ல் முல்லன் என்ற அமெரிக்க வைத்தியர், தாமே வாலிபத்தில் புற்றுநோய் கண்டு மீண்டவர், ஒரு கட்டுரை எழுதினார். குணமானார், ஆகவில்லை என்று இரண்டே வார்த்தையில் முடிக்காதீர்கள். நோய் கண்டு சிகிச்சை பெறும் காலம் ஒன்று, அது முடிந்து அச்சத்தோடு காத்திருக்கும் காலம் ஒன்று, நோய் திரும்பாது என்ற நம்பிக்கையோடு வாழும் நெடுங்காலம் ஒன்று என்று மூன்று பருவங்களாகப் பிரித்துக் காட்டினார். அந்த மூன்றாம் பருவத்தில் முதுமை வந்து கலக்கிறது. 2013-ல் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்துக் குழந்தை மருத்துவமனை ஒன்றிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. குழந்தைப் பருவத்தில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களை, முப்பதை ஒட்டிய வயதில் அழைத்துச் சோதித்தார்கள். பெண்களில் நூற்றுக்கு 13 பேரிடம், கிழப்பருவத்தில் காணும் தளர்ச்சி அப்போதே வந்திருந்தது. ஆண்களில் இது மூன்றுக்கும் குறைவு. சென்னையில் 1980-களில் இரத்தப் புற்றிலிருந்து மீண்ட பத்து வயதுச் சிறுமி இன்று ஐம்பதை எட்டிய மாது. அவள் எலும்பு எப்படி இருக்கிறது, இருதயம் எப்படி இருக்கிறது? கதிர்வீச்சினால் உமிழ்நீர் வறண்டு, தாடை இறுகி, வாய் இரண்டு விரல் அகலத்துக்குமேல் திறவாமல், எழுபது வயதில் கஞ்சியே கதியாக இருப்பவர் எத்தனை பேர்? அடையாற்றுப் பட்டியலில் ஐந்தாண்டுக் கணக்கு செழிப்பாக இருக்கிறது. ஐந்தாண்டுக்குப் பின்னுள்ள இந்த வாழ்வு பற்றி நான் தேடிய அளவுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த தலைமுறையினர் எழுதவேண்டிய பக்கங்கள் அவை.

அவற்றை அவர்கள் எழுதுவதற்கு வேண்டிய சரக்கு நம்மிடம் இருக்கிறது. பேத்திக்குச் சம்பந்தம் தட்டிப்போகும் என்று அஞ்சி, மருத்துவமனையிலிருந்து வந்த கடிதத்தை அடுப்பில் இட்டவரை நான் அறிவேன். விசாரிக்க வந்தவரிடம் "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று திண்ணையிலிருந்தே விடை கொடுத்தவரையும் அறிவேன். அவர்கள் அஞ்சியதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு மறுமொழியால் ஓர் உயிர் "செய்தி இல்லாதவர்" வரிசையில் சேர்ந்துவிடுகிறது. இருக்கிறார் என்றோ, இன்ன தேதியில் காலமானார் என்றோ ஒரு வரி எழுதிவிட்டால் போதும். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

வயதைப் பற்றியும் வீட்டிலேயே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. பிறந்த தேதி தெரியாத முதியவரிடம் வயதைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள். 1948 ஜனவரியில் காந்தியடிகள் மறைந்தார். அதே ஆண்டு மார்ச்சு 3-ஆம் தேதி எங்கள் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. அப்போது பாட்டி பள்ளிக்கூடம் போனாளா, இடுப்புக் குழந்தையா, பிறக்கவே இல்லையா? பத்து வயது என்றால் பிறந்தது 1938. தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயல் 1964 டிசம்பரில். அப்போது கலியாணம் ஆகியிருந்ததா, கையில் எத்தனை குழந்தைகள்? திருச்சி ஜில்லாவிலிருந்தும் தஞ்சை ஜில்லாவிலிருந்தும் பிரித்துப் புதுக்கோட்டையைத் தனி ஜில்லாவாக்கியது 1974-ஆம் ஆண்டுப் பொங்கலன்று. மூத்த மகன் அப்போது எந்த வகுப்பு? இந்த மூன்று கேள்விகளுக்கும் வரும் விடையை ஒன்றோடொன்று சரிபார்த்தால், இரண்டு மூன்று ஆண்டுப் பிழைக்குள் வயது கிடைத்துவிடும். அதை ஒரு காகிதத்தில் எழுதி, ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் சீட்டு எழுதுகிறவர் வயதைக் கேட்கும்போது, பேரன் அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.